ஆடிக் கிருத்திகையில் ஒரு சர்ச் கல்யாணம்

ஏசுபாதம் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப்பட்டு வண்டி எத்தனை மணிக்கு எடுக்கும், ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். சொந்த வீட்டில் எது எப்போது நடந்தது என்று கேட்டால் மட்டும் மனைவி சுகிர்தத்தின் முகத்தைப் பார்ப்பார்.

அதற்குக் காரணம் உண்டு. மலைமேல் ஒரு விசேஷம் என்றால் கீழே பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் லீவு கிடையாது. டிசம்பர் முப்பத்தொன்று படித் திருவிழா. அதனால் புது வருட ஆராதனையில் அவர் ஒரு வருடம்கூட உட்கார்ந்ததில்லை. ஒரே மகள் மோனிகா பிறந்தது ஒரு தைப்பூசத்தன்று. மூன்றாம் நாள்தான் போய்ப் பார்த்தார். அவளுடைய ஞானஸ்நானத்தன்று மாற்று ஆள் வரவில்லை. சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தலுக்கு பிஷப் வந்து அவள் தலையில் கை வைத்தபோது இவர் அரக்கோணம் வண்டிக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார். மோனிகா குறை சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்ப்பாள், பிறகு ஆக வேண்டியதைப் பார்ப்பாள்.

மே மாதம் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடினார். "எதுலயும் இல்லாத பூட்டேன். கல்யாணத்துல நான் தான் கையப் புடிச்சு உள்ள கூட்டினு போவேன். அதுல மாத்தமே கெடயாது."

மாப்பிள்ளை தியோடர் சித்தூர்க்காரன். மஸ்கட்டில் வேலை, மூன்று வாரம்தான் விடுமுறை. ஆடி மாதத்தில் சமையல்காரர், பந்தல்காரர், பூக்காரர் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பார்கள். "நமக்கு ஏது ஆடியும் ஆவணியும்" என்று ஏசுபாதம் ஜம்பமாக ஒரு புதன்கிழமையைக் குறித்தார். சாப்பாடு சர்ச் வளாகத்துக் கூடத்திலேயே என்பதால் மண்டபக்காரர் யாரும் எதுவும் சொல்ல வழியில்லை. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதமே ஆன சபைப் போதகர் ஐயருக்கும் ஊர் நடப்பு தெரியாது. கல்யாண அறிக்கையை மூன்று ஞாயிறும் ஆராதனையில் வாசித்தார். ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று தடவையும் கேட்டார். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜெகநாதன்தான் பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா டைம் கீப்பரே, இந்தப் புதங்கெழமயா?"

"ஆங். ஏன்?"

"அன்னிக்கு ஆடிக் கிருத்திகப்பா! ஊருக்குள்ள ஒரு வண்டி வுட மாட்டான். நீயே எத்தினி வருசமா வண்டியத் திருப்பி வுட்டுகினு இருந்தே!"

நடந்தது இதுதான். கிருத்திகை எந்தத் தேதி என்று ஏசுபாதம் ஒரு வருடமும் காலண்டரில் பார்த்ததில்லை. சிறப்பு பஸ் டூட்டி ஆர்டர் ஒன்று வரும். அதில் போட்டிருப்பதுதான் கிருத்திகை. இந்த வருடம் ஆர்டர் வரவில்லை. வீட்டில் மாட்டியிருந்த சபைக் காலண்டரில் தினம் ஒரு வசனம் உண்டு, நட்சத்திரம் கிடையாது. "டூட்டி பாத்தவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு இருந்துட்டேன்" என்றாள் சுகிர்தம். அவளைக் குற்றம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பத்திரிகை ஊர் முழுக்கப் போய்விட்டது, தியோடரின் விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அந்தப் புதன்கிழமை ஊரே மஞ்சள் துணியும் மொட்டைத் தலையுமாக இருந்தது. தெருவுக்குத் தெரு காவடி, பம்பை, அரோகரா. ஒன்பதரை மணிக்குக் கல்யாணம். எட்டரைக்கு மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து போன் வந்தது. சித்தூர் ரோட்டில் ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக பஸ் நிலையத்தில் வேனை நிறுத்திவிட்டார்கள். இரண்டு கல் தூரம் நடக்க வேண்டும்.

"யாரையாவது அனுப்புங்க" என்றாள் சுகிர்தம்.

"யாருக்கு வழி தெரியும்? நான் போனா போலீசுல சொல்லி வண்டிய உள்ள வுட்டுருவேன்" என்று பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏசுபாதம் கிளம்பினார். ஜெகநாதனின் மகன் முருகவேல் பைக்கில் கூட்டிப்போனான்.

தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரருக்கு வயது முப்பது இருக்கும். "டைம் கீப்பரா? எந்த டைம் கீப்பரு?" என்று கேட்டார். ஏசுபாதத்துக்கு முகம் சுண்டிவிட்டது. கிருத்திகைக்குக் கிருத்திகை இதே தடுப்பை நகர்த்தச் சொல்லி அதிகாரம் பண்ணியவர், மே மாதத்தோடு அதெல்லாம் போயிற்று என்பதை அப்போதுதான் முழுதாக உணர்ந்தார்.

பைக்கில் ஒரு ஆள்தான் போகலாம். மாப்பிள்ளையை ஏற்றி அனுப்பினார். இளவட்டங்கள் கூட்டத்தில் புகுந்து நடந்துவிட்டார்கள். மீதி நின்றது தியோடரின் அம்மா எஸ்தரம்மா. இரண்டு முட்டியிலும் வலி. பைக் என்றால் பயம், ஏறவே மாட்டேன் என்றுவிட்டார்.

"நீங்க முந்திப் போங்க சம்பந்தி. பொண்ணுக்கு நீங்க வேணும்" என்றார் அந்த அம்மா.

ஏசுபாதம் மணியைப் பார்த்தார். ஒன்பதே கால். இந்த நெரிசலில் முட்டி வலிக்காரியை நடுரோட்டில் விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. மோனிகாவை அவளுடைய தாய்மாமன் அசோக்குமார் உள்ளே கூட்டிப் போவான். அசோக்குமாருக்கு போன் போட்டு அப்படியே சொன்னார். போனைச் சட்டைப் பையில் போட்டார். முப்பத்து மூன்று வருடம் வேலை தடுத்தது, இன்றைக்கு வேலையும் இல்லை.

எஸ்தரம்மா பத்து அடிக்கு ஒரு தடவை நின்றார். ஒரு பந்தலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சாமிக்குப் படைத்ததோ என்று அந்த அம்மா சொம்பைப் பார்த்துத் தயங்கினார். பிறகு கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு இரண்டு சொம்பு குடித்தார்.

சர்ச் வாசலை அடைந்தபோது மணி பதினொன்றே கால். உள்ளிருந்து தாலி கட்டியபின் பாடும் பாட்டு கேட்கும் என்று ஏசுபாதம் எதிர்பார்த்தார். பாட்டு இல்லை. ஆராதனை முறை அச்சிட்ட தாளால் விசிறிக்கொள்ளும் சத்தம்தான் கேட்டது. வாசற்படியில், வெள்ளைப் பட்டும் முக்காடுமாக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மோனிகா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அசோக்குமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அஞ்சு வாட்டி கூப்ட்டேன் பாவா. எழுந்துக்கவே மாட்டேன்னுட்டா. ஐயரே வந்து சொல்லிப் பாத்துட்டாரு."

"இன்னா கண்ணு இது? எல்லாரும் இன்னா நெனைப்பாங்க? மாமன் கூடப் போயிருக்கலாமில்ல?"

"சின்ன வயசுலருந்து நான் உனுக்காகக் காத்துகினு தான இருக்கறேன் நைனா" என்றாள் மோனிகா. குரலில் கோபம் இல்லை. "இன்னிக்கு ஒரு நாளு அவங்களும் காத்துகினு இருக்கட்டும்."

ஓடி வரும் ஒரு ஆளுக்காக வண்டியை அரை நிமிஷம் நிறுத்தி வைக்க ஏசுபாதம் வேலையில் இருந்தவரை சம்மதித்ததில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று மறைக்கவும் தோன்றவில்லை. சட்டை முழுக்க வியர்வை, வேட்டியில் சேறு. அப்படியே கையை நீட்டினார். மோனிகா எழுந்து பிடித்துக்கொண்டாள். இருவரும் மெதுவாக உள்ளே நடந்தார்கள்.

பலிபீடத்தின் முன்னால் ஐயர் புத்தகத்தைப் பிரித்து, இந்தப் பெண்ணை இந்தப் புருஷனுக்கு விவாகம் செய்து கொடுக்கிறவர் யார் என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல ஏசுபாதம் வாயைத் திறந்தார். வார்த்தைக்கு முன் கை முந்திக்கொண்டது. வலது கையை உயரத் தூக்கிக் காட்டினார்.