வாசலில் குவிந்த சப்பாத்துகள்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இன்று ஜெர்மனியில் மூன்று கடைகளுக்கு முதலாளி. மகளின் கலியாணத்துக்கு, மண்டபமாக மாற்றியிருந்த பழைய மடாலயத் தேவாலயத்தையே வாடகைக்கு எடுத்தேன். கூரையில் தீட்டியிருந்த தேவதூதர்களைக் கண்ட நம் சனம் வாசலிலேயே சப்பாத்துகளைக் கழற்றிக் குவித்துவிட்டது.

"பாதை அடைபட்டுக் கிடக்கு. தொடங்க ஏலாது," என்று ஜெர்மன் மொழியில் சொன்னார் மண்டபக் காவலாளி. கண்ணுக்குக் கீழே பை தொங்கும் ஜெர்மன் கிழவர்.

"அத்தான், முகூர்த்தம் போகுது!" என்று மச்சான் கத்தினான்.

"காலால தள்ளி விடுறன்," என்றேன்.

"வேண்டாம், சோடி மாறிப்போடும்," என்றார் காவலாளி.

அவர் குனிந்து, சோடி சோடியாகச் சுவரோரம் அடுக்கினார். முடிந்தபோது முகூர்த்தத்துக்குச் சற்று நேரமே மிச்சம். இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"மடாலயம் மூடினாப்பிறகு இஞ்ச குதிரை கட்டினவை, தானியம் கொட்டினவை, பெடியள் பந்தடிச்சவை. ஒருத்தரும் சப்பாத்துக் கழட்டேல்லை."

அலுத்துக்கொண்டாரா, மெச்சினாரா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.