தண்ணி மட்டும்

ஊசி குத்திய விரல்நுனியில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டாக்டர் மேசைமேல் இருந்த சின்னக் கருவியில் எட்டு புள்ளி ஒன்பது என்ற எண்ணைப் பார்த்த நொடி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. வெறும் வயிற்றில் வரக்கூடாத எண் அது. டாக்டர் ஏதோ விளக்கினார், காதில் விழவில்லை. நான் மேசைக்கடியில் என் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு இருந்தன. எது முதலில் போகும் என்று மனம் சீட்டுக் குலுக்கிப் பார்த்தது. இனிப்பு நீரால், அதாவது சர்க்கரை நோயால், என் அண்ணனுக்கு இடது கால் போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

இத்தனை கலவரத்திலும் என் மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. கெடாவில் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பிறந்து கூலிம் பட்டணத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் எங்களுக்குத் தலைக்குக் குளியல், முகத்துக்குப் பவுடர், கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. நாற்காலியில் கால்வாசிதான் உட்காருவோம். அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவோம். அன்றும் ஆட்டினேன். இனிமேல் ஆயுசுக்கும் மாத்திரை என்று அவர் சொன்னதற்கு, “ரொம்ப நன்றிங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மருந்துக் கவுண்டரில் மிஸ்ஸி இருந்தார். கிளினிக் தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சுங்கை லாலாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். சீனப் பாட்டியிடம் ஹொக்கியன், மலாய்க்காரப் பெரியவரிடம் கெடா மலாய், எங்களிடம் அசல் தோட்டத்துப் பேச்சு. ஆளின் முகத்தைப் பார்க்காமல் மருந்துப் பையை நீட்டமாட்டார்.

“என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“இனிப்பு நீரு, மிஸ்ஸி. காலு போச்சு.”

“அதுமேலதான் நிக்கிறீங்க, போகல லா. காலையில என்ன சாப்ட்டீங்க?”

“ஒன்னுமே சாப்புடல. டாக்டரு நேத்து சொன்ன மாதிரி தண்ணி மட்டுந்தான்.”

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். “என்ன தண்ணி?”

“தேத்தண்ணி. நல்லா இனிக்க டின்பாலு ஊத்தி. பெரிய கப்புல மூனு.”

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரிடம் ‘தண்ணி குடிக்கிறீங்களா’ என்று கேட்டால் தேநீரோ காப்பியோ வருகிறது என்று பொருள். குழாயில் வருவதற்குப் பெயர் பச்சத்தண்ணி. கோலாலம்பூரில் வளர்ந்த இளம் டாக்டருக்கு அது தெரியாது. இப்படித் தாராளமாக அனுமதிக்கிறாரே என்று நெகிழ்ந்து, மூன்றாவது கப்பை அவர்மேல் இருந்த மரியாதைக்காகவே குடித்திருந்தேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா மெதுவாகக் கேட்டார்: “பிஸ்கட்டு முக்கிக்கிட்டீங்களா, தம்பி?”

“ரெண்டுதான். அது தண்ணியில சேராதாக்கா?”

கிளினிக்கே சிரித்தது. மிஸ்ஸி சிரிக்கவில்லை. எனக்காகக் கட்டிவைத்த மாத்திரையை இழுப்பறைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் நுழைந்தார். “டாக்டர், இவருக்கு வெறும் வயிறு இல்ல. டின்பாலு வயிறு.”

மறுநாள் பச்சத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு, விரலை நீட்டினேன். ஐந்து புள்ளி இரண்டு. “நார்மல்தான், மாத்திரை வேண்டாம்” என்றார் டாக்டர். அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றலாம் போலிருந்தது. அவர் தாங்குவார், என் இடுப்புதான் தாங்காது என்பதால் விட்டுவிட்டேன். கவுண்டருக்கு ஓடி, “எப்படி மிஸ்ஸி அது ஒங்களுக்குக் கேக்கத் தோனுச்சு?” என்றேன்.

மிஸ்ஸி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒங்க அண்ணனுக்குப் பாதத்துக்கடியில மூனு மாசமா புண்ணு. டாக்டரு மொகத்துக்கு நேரா காலத் தூக்கிக் காட்டுறது மரியாதை இல்லன்னு அவரு கால்ல போட்ட சப்பாத்தக் கழட்டவே இல்ல. ‘வேற ஏதாச்சும் இருக்கா’ன்னு டாக்டரு கேப்பாரு. இவரு இல்லன்னு தலையாட்டுவாரு. மருந்து குடுக்கிறப்ப நொண்டிக்கிட்டு வருவாரு, நானும் பாத்தேன். கேக்கல.”

பிறகு அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்.

மிஸ்ஸி வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. இப்போது அந்தக் கவுண்டருக்கு மேல் ஒரு திரை எண்களைக் கூப்பிடுகிறது. திரைக்கு யாருடைய முகமும் தெரியாது. டாக்டர் அதே டாக்டர்தான், லேசாக நரைத்திருக்கிறார். போன வாரம் வருடாந்தரச் சோதனைக்குப் போனேன். எல்லாம் முடிந்ததும், “வேற ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். என் தலை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. அதை நிறுத்தினேன். சப்பாத்தைக் கழற்றினேன், காலுறையையும் உருவினேன். “மன்னிக்கனுங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு, அடியில் ஆறாத சின்னப் புண் இருந்த வலது பாதத்தை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினேன்.

டாக்டர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு விளக்கை இழுத்துக்கொண்டு குனிந்தார்.