இரண்டு குரலில் ஒரு சண்டை

எழுத்தாளர்கள் தாங்கள் எழுத்தாளரான கதையைச் சொல்லும் புத்தகங்கள் என்றால் அந்த நாளில் எனக்குப் பைத்தியம். அவர்களுடைய கதைகளைப் படிக்காமலே, அவற்றை எப்படி எழுதினார்கள் என்று மட்டும் படித்துவைத்தவன் நான். எங்கள் இலங்கை மலைநாட்டில், அட்டன் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, இந்தியாவிலிருந்து வரும் பழைய புத்தகங்களைச் சீயக்காய்த் தூளுக்குப் பக்கத்தில் அடுக்கி விற்பார். அப்படி வாங்கிய ஒன்றில் ஒரு சென்னைக்காரர் எழுதியிருந்தார்: பாத்திரங்களின் பேச்சை வாய்விட்டுப் பேசிப் பார்த்த பிறகே தாளில் இறக்குவாராம். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

கதவு எனக்கும் இருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. குடியிருக்க, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று. காம்பராக்களுக்கு நடுவே சுவரும் உண்டு, ஆனால் அது கூரைவரை போகாது. பக்கத்தில் கருவாடு பொரித்தால் நமக்குப் பசிக்கும். இதைப் பற்றிச் சென்னைக்காரர் ஒன்றும் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி துணி துவைக்க, மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போயிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு, என் கதையில் கணவனும் மனைவியும் போடும் சண்டையைப் பேசிப் பார்த்தேன். அவனுக்கு என் குரல், அவளுக்குக் கொஞ்சம் கீச்சுக் குரல். "ஒங்கள நம்பித்தானே இந்தக் குளிருக்கு வந்தேன், இப்புடி விட்டுட்டுப் போறீங்களே!" என்று அவள் அழுத இடத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

கதவைத் தட்டினார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். பின்னால் பாதி லயம். எங்கள் தோட்டத்தில் புருஷன் பெண்சாதி சண்டை சுவரைத் தாண்டிவிட்டால் அது தலைவருடையது. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து விசாரித்துத் தீர்த்துவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"வாத்தியாரே, அந்தப் பொம்பளைய வெளிய வரச் சொல்லுங்க."

"பொம்பள யாரும் இல்லீங்க."

"அப்ப அழுதது யாரு?"

"நான்தாங்க."

ஒருவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஈரத்துணி மூட்டையோடு மனைவி வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா சொல்லச் சொல்ல, மூட்டையை இறக்காமலே கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எறம்பொடைக்கு பஸ்ஸு எத்தன மணிக்கு?"

இறம்பொடையில் அவள் அப்பா வீடு.

தாளை எடுத்துவந்து, அத்தனை பேருக்கும் முன்னால், இரண்டு குரலிலும் படித்தேன். கீச்சுக் குரல் வந்ததும் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. விசாரிக்க வந்தவர் விசாரிக்காமல் போவாரா?

"அந்தப் புள்ள மேல தப்பில்ல. விட்டுட்டுப் போற பயதான் சரியில்ல. நீ என்னம்மா சொல்ற?" என்று என் மனைவியைக் கேட்டார்.

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள்.

"பொய்யா இருக்குங்க. புருஷன் போறேன்னா எந்தப் பொம்பள இம்புட்டு நீளமாப் பேசுவா? பஸ்ஸு எத்தன மணிக்குன்னுதான் கேப்பா."

சொல்லிவிட்டு, ஈரச் சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிழியச் சொன்னாள்.