முனையில் ஏறிய ஐஸ்காரர்

பதினோரு வருடங்களாக எங்கள் விகாரைப் படகின் கடைசியில் நின்று சுக்கான் துடுப்பைப் பிடித்தவர் சாருன். கம்போடியாவில், எங்கள் பட்டம்பாங் கடைத்தெருவில் ஐஸ் விற்பவர். முழுக் கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே சிகரெட் பற்றவைப்பார். நாற்பது பேர் நாற்பது விதமாகத் துடுப்புப் போட்டாலும் படகு நேராகப் போகும். அது அவர் கைவண்ணம்.

ஆனால் போட்டி பார்க்க வருகிறவர்கள் யார் படகின் பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள்? முனையில் சிவப்புத் தலைப்பாகையோடு ஆடும் தோனைத்தான் பார்ப்பார்கள். தோன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர், ஈர்க்குச்சி உடம்பு, சாருனின் சிறுவயதுக் கூட்டாளி. ஒருமுறை எங்கள் படகு காலண்டரில் வந்தது. தோனுக்கு முகமெல்லாம் பல். சாருனுக்கு ஒரு முழங்கை. அவர் மனைவி போவ் அதை வீட்டில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் தொட்டுக் காட்டுவாள்: "இதோ, இதுதான் எங்க வீட்டுக்காரர்."

படகை ஆற்றில் இறக்கும் அன்று, நூடுல்ஸ் விற்கும் மோம் மீது, படகில் குடியிருக்கும் தெய்வமான படகுத் தாய் இறங்குவாள்; படகின் முனைதான் அவள் தலை. போன வருடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்று முடித்துவிட்டு, "என் தலை மேல பலமான காலு வேணும்டா!" என்று கூவினாள்.

திரும்பி வரும் வழியிலேயே போவ் தொடங்கிவிட்டாள். நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

"கேட்டீங்களா? ஊர்ல யாரு காலு பலமான காலு?"

"தோன் இருக்கானே."

"அதெல்லாம் ஒரு காலா? கொக்கு பாத்தா சிரிக்கும்."

"நான் ஏறினா முனை முங்கிடும்டி."

"அம்மாவே கூப்புடுறா. உங்க எடை அவளுக்குத் தெரியாதா?"

மூன்றாம் நாள் சாருன் பெரிய பிக்குவிடம் போனார். "சாமி, தோன் செருப்புக் காலோட படகுத் தலையத் தாண்டினான். என் கண்ணால பார்த்தேன்." எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"நானா? எப்போ?" என்று தோன் தலையைச் சொறிந்தார். பிறகு, "சாருன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று படகின் முன் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கரையேறிவிட்டார். நாங்கள் நாற்பது பேரும் வாயைத் திறக்கவில்லை.

போட்டியன்று சாருன் மஞ்சள் பட்டில் சூரியன் மாதிரி முனையில் ஏறினார். படகு மரியாதையாகக் குனிந்தது. பின்னால் சுக்கான், போவின் தம்பியிடம். மேளம் கொட்டியது, கரை கத்தியது, சாருன் ஆடினார். அந்த உடம்புக்குள் அப்படியொரு ஆட்டம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு குதி, ஒரு வாளி தண்ணீர். இன்னொரு குதி, இரண்டு வாளி. நாங்களும் சிரித்துக்கொண்டே துடுப்புப் போட்டோம். கூட்டம் இன்னும் கத்தியது. வெற்றி என்று நினைத்து அவர் இரண்டு காலாலும் எம்பிக் குதித்தார்.

முனை ஆற்றுக்குள் இறங்கியது. அது திரும்பி வரவில்லை.

"ஐயோ தாயே!" சாருன் தண்ணீரில் கையைக் காலை அடித்துக்கொண்டு அலறினார். "பொய் சொன்னேன்! தோன் தாண்டல! ஆசையில சொல்லிட்டேன்! என்னைக் கொன்னுடாத!"

கரையிலிருந்து தோன் கத்தினார்: "டேய், எழுந்து நில்லுடா! இடுப்பளவுதான்!"

சாருன் காலை ஊன்றினார். எழுந்தார். தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். ஆற்றின் இரண்டு கரையும் அவரைப் பார்த்தன, முன்பக்கத்திலிருந்து.

இனி சாருன் படகைத் தொடக்கூடாது என்று ஊர் முடிவு செய்தது. "சுக்கானையாவது குடுங்களேன், தப்பா பேசினது வாய்தானே, கை என்ன செஞ்சது?" என்று கேட்ட ஒரே ஆள் தோன். அவர் பேச்சு எடுபடவில்லை.

இந்த வருடம் முனையில் தோன் நன்றாகவே ஆடினார். படகுதான் பாம்பு மாதிரி நெளிந்து, பக்கத்து ஊர்ப் படகின் பாதையில் புகுந்து, கடைசியில் கரையோரம் கோழி சுட்டுக்கொண்டிருந்தவளின் அடுப்பில் போய் முட்டியது. அவள் திட்டிய திட்டில் நாங்கள் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது கூட்டத்துக்கு நடுவில் சாருனைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்தபடி, இரண்டு கையாலும் வெறும் காற்றைப் பிடித்து, எங்களை இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.