மோட்டார் கடை வீட்டு அறிவிப்பு

எங்கள் ஜமாஅத்துக்கு ஒரு வலைத்தளம் உண்டு. அதை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். ஓசூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடையில் வேலை குறைந்த ஒரு மழைக்காலத்தில் யூடியூப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு செய்தார். தொழுகை நேரம், நோன்புக் கஞ்சி, நிக்காஹ், மௌத் எனும் கல்யாண, இறப்புச் செய்திகள், இவ்வளவுதான் அதில் இருந்தது. பக்கத்தின் மூலையில் ஒரு மணிப் படம். அதைத் தொட்டுச் சம்மதம் கொடுத்தவர்களின் போனுக்குப் புதிய அறிவிப்பு தானாகப் போய்விடும். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், கிருஷ்ணகிரியில் கடை வைத்திருப்பவர்கள், தளியில் கறிக்கடை போட்டிருப்பவர் எனப் பலரும் சம்மதம் கொடுத்திருந்தார்கள்.

அவர் மௌத்தான பிறகு தளம் என்னிடம் வந்தது. யாரும் கேட்டு ஒப்படைக்கவில்லை. அவருடைய போன் என்னிடம் இருந்தது, கடவுச்சொல் அதற்குள் இருந்தது, நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் ஜமாஅத் செயலாளர் போன் செய்தார்.

"தங்கச்சி, ரமலானுக்கு நேரம் மாத்தணும். கொஞ்சம் பாத்துக்கம்மா."

பார்த்துக்கொண்டேன்.

தளத்துக்குள் போனாலே முதலில் வழிமறிப்பவை பிளகின்கள். தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒட்டவைக்கும் சின்ன நிரல்களுக்கு அந்தப் பெயர். தொழுகை நேரத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, அந்த மணிக்கு ஒன்று. எல்லாமே வாராவாரம் தன்னைப் புதுப்பிக்கச் சொல்லும். புதுப்பித்தால் ஐந்து நட்சத்திரம் கேட்கும். காசு கட்டினால் இன்னும் நன்றாக உழைப்பேன் என்று பெட்டி பெட்டியாகத் திரையை மறைக்கும். புதுப்பிக்காமல் விட்டால் ஆபத்து என்று பயமுறுத்தும். ஒருமுறை புதுப்பித்ததும் தொழுகை நேரமெல்லாம் லண்டன் நேரத்துக்குப் போய்விட்டது. இன்னொரு முறை தமிழ் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டன. செயலாளர் கூப்பிடுவார், நான் சரி செய்வேன். கோபம் வந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு எதுவும் வந்து சேரவில்லை. பல் பிடுங்கியபின் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருந்தேன். கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

அவர் போய் இரண்டு வருஷம் ஆனபின் ஒருநாள் காலை, மணிக்கான பிளகின் இன்றோடு பழைய பதிப்பு நின்றுவிடும் என்றது. புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். பச்சை டிக் வந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடித்தேன். சிப்காட்டில் மின்சாதன உதிரிபாகம் செய்யும் கம்பெனி, நான் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். கேட்டிலேயே போனை அணைத்து லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

ஷிப்ட் முடிந்து திரும்பியபோது தெருமுனையில் தொப்பி போட்ட ஆண்கள் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எங்கள் வீட்டின் முன் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்பும் அதே நாற்காலிகளைத்தான் போட்டார்கள். என் நடையின் வேகம்கூடக் கூடவில்லை. யாரோ இறந்துவிட்டார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கூடம் நிறையப் பெண்கள். நடுவில் கட்டிலில் என் மாமியார் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. நான் மௌத்தாயிட்டேனாம்," என்றார்.

செயலாளர் வாசலிலிருந்தே தன் போனை நீட்டினார். 'மோட்டார் கடை வீட்டில் மௌத். ஜனாஸா தொழுகை இன்று அஸருக்குப் பின்.' அது என் வீட்டுக்காரர் இறந்தபோது போட்ட அறிவிப்பு. புதிய பதிப்பு, தளத்தில் அதிகம் பேர் படித்த பதிவைத் தேடி எடுத்து எல்லோருக்கும் மறுபடி அனுப்பியிருக்கிறது. யாரும் அதைக் கேட்கவில்லை. நினைவூட்டல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். போனில் தலைப்பு மட்டும்தான் தெரியும், தேதி தெரியாது. அவர் போய்விட்டது எல்லோருக்கும் தெரியும் என்பதால் இந்த முறை மாமி என்று எடுத்துக்கொண்டார்கள்.

"உனக்குப் போன் போட்டேன், ஆஃப்ல இருந்துச்சு. கபர்ஸ்தானுக்கு ஆள் அனுப்பிட்டேம்மா. பாதி குழி வெட்டிட்டாங்க," என்றார் செயலாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூடச் சொல்லிட்டேன்," என்றார்.

வந்தவர்கள் உடனே கிளம்பவில்லை. அழத் தயாராகி வந்தவர்களுக்கு உடனே எழுந்து போவது சங்கடமாக இருந்திருக்கும். மௌத் வீட்டில் அடுப்பு எரியாது என்று எதிர்வீட்டார் ஒரு குண்டான் நிறையக் குஸ்கா கொண்டுவந்திருந்தார்கள். அதைத் திருப்பி எடுக்கப் போனபோது மாமி தடுத்தார்.

"கொண்டாந்தத எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க. வைங்க, எல்லாரும் சாப்பிடலாம்."

நான் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு துணிப்பை. அறுபது வயதிருக்கும். நான் பார்த்ததில்லை.

"பாயம்மா, நான் ஜவளகிரிங்க. தளியில கறிக்கடைக்காரரு போனைக் காட்டுனாரு. பாயோட அம்மா தவறிட்டாங்கன்னாரு. கேட்டதும் பஸ் ஏறிட்டேன்."

"தப்பா வந்துருச்சுங்க. மாமி நல்லா இருக்காங்க," என்று உள்ளே கை காட்டினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். மாமியைக் கண்டதும் துணிப்பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதற்குள் மாலை இருந்தது, ரோஜா வாசம் வந்துவிட்டது. ஒரு கையை மட்டும் உயர்த்திக் கும்பிட்டார். முகம் தெளிந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. பாய் மனசொடிஞ்சு போயிருப்பாரேன்னு ஓடியாந்தேன். எங்கங்க பாய்? ரெண்டு வாட்டி வந்தேன், கடை சட்டர் மூடியே இருந்துச்சு. ஊருக்குப் போயிருப்பாருன்னு நினைச்சேன். அவர் கட்டுன காயில் இன்னும் ஓடுதுன்னு சொல்லணும்."

கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் இறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கொழுந்தனாருக்குப் போன் வந்தது. பள்ளிவாசல் மைக் சொன்னது. செயலாளரின் மருமகன் என் வீட்டுக்காரரின் போனை வாங்கித் தளத்தில் போட்டார். பிறகு இத்தாவில் உள்ளறையில் இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டே வந்தார்கள். என் வாயால் ஒருவருக்கும் சொல்ல நேரவில்லை.

"அவர் இறந்துட்டாருங்க," என்றேன். "ரெண்டு வருஷம் ஆச்சு. நெஞ்சு வலி வந்துச்சு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

என் குரல் கம்பெனியில் உதிரிபாகத்தைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பும்போது இருப்பதுபோல இருந்தது. ஜவளகிரிக்காரர் என்னையே பார்த்தார். "அய்யோ தேவ்ரே," என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்தி அழுதார். அந்த வீட்டில் அன்று அழுதவர் அவர் ஒருவர்தான்.

தேநீர் கொடுத்தேன். குடித்தபடி விட்டுவிட்டுப் பேசினார். ஒரு வருஷம் யானை வந்து தோட்டத்தில் பைப்பையும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் மிதித்துப் போட்டுவிட்டதாம். நாற்று காய்ந்துகொண்டிருந்தது. பாய் பஸ்ஸில் வந்து, நாள் முழுக்க இருந்து மோட்டாரை ஓட வைத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுக் களியைச் சாப்பிட்டுப் போனாராம்.

"உங்களப் பத்தியும் சொன்னாருங்க. எங்க வீட்டம்மா கம்ப்யூட்டர் படிச்சவங்க, நான் போன்ல எதையோ பண்ணிக்கிட்டிருந்தா பாத்து சிரிப்பாங்கன்னு."

நான் சிரித்திருக்கிறேன், உண்மைதான். கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

அந்தியில் மஃரிப் பாங்கு சொன்னதும் எழுந்தார். பையை நீட்டலாமா கூடாதா என்று தயங்கினார். "பூதானே, வாங்கும்மா," என்றார் மாமி உள்ளேயிருந்து. வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போனபின் தளத்தைத் திறந்து அந்தப் பிளகினை நீக்கினேன். ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று கேட்டு, சில காரணங்களைக் காட்டியது. பயன்படுத்தக் கடினம். இதைவிடச் சிறந்தது கிடைத்துவிட்டது. தற்காலிகமாக நிறுத்துகிறேன். 'மற்றவை' என்பதைத் தொட்டேன். விளக்கமாக எழுதுங்கள் என்று ஒரு வெற்றுக் கட்டம் வந்தது. மூடிவிட்டேன்.

"அந்தாளு எதுக்கு அப்படி அழுதாரு?" என்று மாமி கேட்டார். காது மந்தம், வாசல் பேச்சு விழவில்லை.

"அவருக்கு இன்னைக்குத்தான் தெரியும் மாமி."

மாமி மிச்சப் பூண்டை முறத்தில் அப்படியே விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கேண்டீனில் திருவாரூர்ப் பக்கமிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் என்னெதிரே உட்கார்ந்தாள். உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாங்க அக்கா என்று கேட்டாள். கடை வைத்திருக்கிறார் என்றுதான் அதுவரை புதியவர்களிடம் சொல்லி வந்திருந்தேன். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

"மோட்டார் கடை வச்சிருந்தாரு. இறந்துட்டாரு," என்றேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். எப்படி என்று கேட்டாள். சொன்னேன். சங்கு ஊதும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.