ஏழாம் இலக்க வீட்டின் முன்வாசல்

பதுளைக் காணிப் பதிவகத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிய சிவசுப்பிரமணியத்துக்கு ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. கடைசி வரிவரை வாசிக்காமல் ஒரு காணி உறுதிப் பத்திரத்தையும் அவர் மேசை தாண்ட விட்டதில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசுமார் அவரைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். எல்லையில் நிற்கும் பலாமரம் எந்தப் பக்கத்துக்கு என்று எழுதாமல் வந்த உறுதியைத் திருப்பி அனுப்பிய மனுஷன் அவர். தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்றார். மனைவி அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டிருந்தாள். தெல்லிப்பழையில் இருந்த வீடு இராணுவ வலயத்துக்குள் கிடந்தது. ஆகவே பதுளையிலேயே ஒரு வாடகை அறையில் தங்கி, கோயில், பத்திரிகை, வெந்நீர்க் குளியல் என்று காலத்தைத் தள்ளினார்.

அந்த நாட்களில் பண்டாரவளைப் பக்கம் வீடு விற்பதென்பது பெரும்பாடு. இரண்டாயிரமாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தமிழர் விற்க வந்தார்களே தவிர, வாங்க ஒருவரும் வரவில்லை. கதவில் தொங்கிய 'விற்பனைக்கு' என்ற பலகைகள் மழையில் எழுத்தழிந்து போயின. பிறகு சமாதான ஒப்பந்தம் வந்தது. வந்த ஆறே மாதத்தில் காணி விலை எழும்பி உட்கார்ந்துவிட்டது. கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஆட்கள் வந்து, பனியையும் மலையையும் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று கேட்கத் தொடங்கினார்கள். நேற்றுவரை மரக்கறி லொறிக்குப் பின்னால் ஓடியவனெல்லாம் இன்று காணிப் புரோக்கர்.

அந்த அலையில் வந்ததுதான் அந்திச்சோலை. ஓய்வு பெற்றவர்களுக்கான இருபத்துநான்கு சின்ன வீடுகள். பெயரில்தான் சோலை, இடத்தில் இருந்தவை அடியோடு வெட்டிய யூகலிப்டஸ் கட்டைகள். கீழே தேயிலை, அதற்கும் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். விளம்பரத் தாளில் லயங்கள் வராதபடி கவனமாகப் படம் பிடித்திருந்தார்கள். நடத்தியவன் மதுரன் என்ற கொழும்புப் பிள்ளை. கழுத்துப் பட்டியும் வாய் நிறையச் சிரிப்புமாகத் திரிவான். அவன் பதுளைக்கு வந்து சிவசுப்பிரமணியத்தைத் தேடிப் பிடித்தான். யாழ்ப்பாணத்துக் கிழங்களுக்கு வீடு விற்க, உறுதி வாசிக்கத் தெரிந்த யாழ்ப்பாணத்துக் கிழம் ஒன்று வேண்டும். இதை அவன் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. ஆனால் அதுதான் விஷயம்.

அவர் விற்றார். நன்றாகவே விற்றார். ஞாயிறுதோறும் கொழும்பிலிருந்து ஒரு பஸ் வரும். ஓய்வு பெற்ற பொறியியலாளரும் கணக்காளரும் கம்பளிச் சட்டையோடு இறங்கி மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். சிவசுப்பிரமணியம் உறுதியைக் கையில் எடுத்து, அறுதி உறுதி, பிள்ளைகளுக்குச் சேரும், வில்லங்கம் இல்லை என்று விளக்குவார். அவர் குரலில் இருந்த பதிவகத்தனம் ஆட்களுக்குப் பிடித்தது.

ஏழாம் இலக்கத்தை வாங்கியவர் யோகம்மா ரீச்சர். பதுளையில் முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவர். ஒரே மகள் நிவேதிகா, ரொறன்ரோவில். அம்மாவைக் கூப்பிடவும் இல்லை, தனியே விடவும் மனமில்லை. வீடு வாங்கப் பணம் அனுப்பி மனச்சாட்சியின் வாயை மூடிவிட்டாள். ரீச்சர் குளியலறையையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. முன்வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"சிவசுப்பிரமணியம், நான் செத்தால் என்னை எந்த வாசலாலை கொண்டு போவியள்?"

"என்ன கதை ரீச்சர் இது."

"வாடகை வீட்டிலை இருந்தே காலம் போச்சுது. அவர் செத்தபோது வீட்டுக்காரன் முன்பக்கத்தாலை எடுக்கவேண்டாம் எண்டிட்டான். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தாலை கொண்டு போனம். எனக்கு அது வேண்டாம். அதுக்குத்தான் வீடு."

"முன்வாசலாலைதான் ரீச்சர். உங்கட வீடு, உங்கட வாசல். நான் பொறுப்பு."

சொன்னார். உறுதியில் அப்படித் தடை ஏதும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் உறுதியோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். 'குடியிருப்பாளர் ஒழுங்குகள்' என்று வழுவழுப்பான தாளில். துணி காயப் போடுவது, நாய் வளர்ப்பது பற்றியெல்லாம் இருக்கும் என்று அவர் அதைப் புரட்டாமலே கடைசித் தாளில் சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். பலாமரத்துக்காக உறுதியைத் திருப்பி அனுப்பிய மனுஷன் அதை வாசிக்கவில்லை. விற்பனை சூடாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். பிற்பாடு இதை நினைத்தபோதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இரண்டு வருஷம் ரீச்சர் அங்கே இருந்தார். கீழ் லயத்திலிருந்து இராக்கம்மா என்பவள் வீடு கூட்டவும் சமைக்கவும் வருவாள். கொழுந்து பறித்து ஓய்ந்த கை. முதலில் ரீச்சர் அவளுக்குத் தனிக் கோப்பையில்தான் தேநீர் கொடுத்தார். அந்தப் பழக்கம் யாழ்ப்பாணத்தார் மலைக்குக் கொண்டுவந்த அசிங்கங்களில் ஒன்று. சிவசுப்பிரமணியமும் அதற்கு விலக்கில்லை. எந்த மாதத்திலோ அந்தத் தனிக் கோப்பை காணாமல் போயிற்று. பிறகு இருவரும் ஒரே மேசையில் இருந்து குடித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை ரீச்சர் போய்ச் சேர்ந்தார். இராக்கம்மாதான் பக்கத்தில் இருந்தாள். சிவசுப்பிரமணியம் முதல் பஸ்ஸில் வந்து, உடலைப் பதப்படுத்த நகரத்து மலர்ச்சாலைக்கு அனுப்பினார். மலர்ச்சாலை வாகனம் பின்பக்கக் கேற்றால் வந்தது. அவசரத்தில் அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. சனி பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. அடுத்து, யாழ்ப்பாணத்துச் சாவீட்டில் யாரும் முதலில் செய்வதை அவரும் செய்தார். தொலைபேசிக் கடைக்குப் போய் வானொலிக்கு மரண அறிவித்தல் கொடுத்தார். பூதவுடல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, அந்திச்சோலை ஏழாம் இலக்க இல்லத்திலிருந்து தகனத்துக்கு எடுத்துச் செல்லப்படும். உற்றார், உறவினர், பழைய மாணவர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். நேரமும் இடமும் வாசலும் நாடறியச் சொல்லியாயிற்று. கொம்பனியைக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எள்ளளவும் வரவில்லை. சொந்த வீட்டுச் சாவுக்கு யார் யாரைக் கேட்பது?

சனி காலை மதுரன் கொழும்பிலிருந்து பறந்து வந்தான். கையில் அந்த வழுவழுப்பான புத்தகம்.

"சேர், பதினாலாவது ஒழுங்கைப் பாருங்க. வளவுக்குள்ள இறுதிக் கிரியை எதுவும் நடத்த ஏலாது. உடல் பின்கேற்றால வெளிய போகணும், திரும்ப உள்ள வர ஏலாது. நாளைக்கு ஞாயிறு. ரெண்டு பஸ் வருது. சாவீட்டைக் காட்டியா வீடு விக்கிறது?"

"அவ வாங்கின வீடு, தம்பி."

"அவங்கதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்கதான் சாட்சி. ரேடியோவுக்கு எடுத்துச் சொல்லுங்க, இடம் மாத்தம், மலர்ச்சாலையில இருந்து எடுக்கிறதுன்னு. மகள்கிட்டயும் பேசிட்டேன். சிம்பிளா முடிச்சிட்டு வீடியோ அனுப்பச் சொன்னாங்க."

சிவசுப்பிரமணியம் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பதினாலாவது ஒழுங்கு, குப்பை அகற்றல் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. சாட்சி என்ற இடத்தில் அவருடைய வளைந்த கையெழுத்து. புத்தகத்தை மூடினார். அருவருப்பு மதுரன் மேலா, மகள் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. எல்லாம் ஒரே நாற்றமாகத்தான் இருந்தது.

தொலைபேசிக் கடைக்குப் போனார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் ரிசீவரைக் கையில் எடுத்து, வானொலி இலக்கத்தில் பாதியை அமுக்கிவிட்டு நின்றார். கோழிக்கூட்டுப் பக்கத்தால் போன புருஷனை நினைத்தார். ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். மாலையில் வானொலி பழைய அறிவித்தலையே இரண்டாம் முறையும் வாசித்தது.

வழியில் இராக்கம்மா நின்றாள்.

"ஐயா, டீச்சரம்மாவ எப்ப கொண்டாறீங்க?"

"உள்ளுக்கு விடமாட்டினமாம், இராக்கம்மா."

"எங்க லயத்துல ஒருத்தரு செத்தா வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டே நின்னு போகும்ங்க. தொரை கூட வந்து தலையக் குனிஞ்சிட்டுப் போவாரு. இவங்க என்னாங்க, படிச்சவங்க?" என்றாள். பிறகு, "வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு. நீங்க நாளைக்குக் கொண்டாங்க" என்றாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மலர்ச்சாலை வாகனத்தின் முன் இருக்கையில் சிவசுப்பிரமணியம் அமர்ந்து வந்தார். முன்கேற் பூட்டியிருந்தது. காவலாளி அவர் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். ஆனால் கேற்றுக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். பதுளையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் பெரகலையிலிருந்தும் வந்த ரீச்சரின் பழைய மாணவர்கள். நரைத்தவர்கள், தொந்தி வைத்தவர்கள், மாவட்ட அலுவலகமான கச்சேரியில் பெரிய கதிரையில் இருப்பவர்கள், மரக்கறிக் கடைக்காரர் வாஹித் உட்பட. வானொலி கேட்டு வந்தவர்களை எந்தக் காவலாளி எதைச் சொல்லித் திருப்புவது? ஏழாம் இலக்க முற்றத்தில் உலக்கை விழும் சத்தம் கேட்டது. இராக்கம்மாவும் லயத்துப் பெண்கள் நாலு பேரும் தேயிலைக்குள்ளால் ஏறிவந்து, உரலை வைத்துச் சாவுக் கிரியைக்கான சுண்ணம் இடித்துக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து தப்புக் கொட்டு ஏறி வந்தது.

"இது எங்கட ரீச்சற்ற வீடு. திறவும்" என்றார் கச்சேரிக்காரர் ஒருவர், காவலாளியிடம் மெதுவாக. காவலாளி திறந்தான்.

ரீச்சர் தன் முன்வாசலால் உள்ளே போனார். கிரியை முடிந்து பத்தரைக்கு அதே முன்வாசலால் வெளியே வந்தார். தேவாரம் ஒரு பக்கம், தப்பு ஒரு பக்கம். யாரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. மகன் இல்லாதபடியால் கொள்ளிக்குடத்தைச் சிவசுப்பிரமணியமே தூக்கினார். கேற்றடியில் கொழும்பு பஸ்கள் இரண்டும் வழிவிட்டு ஓரமாக நின்றன. மதுரன் வேர்த்து விறுவிறுத்து நின்றான். அவனைப் பார்த்தபோது, இனி வேலை போயிற்று என்று சிவசுப்பிரமணியத்துக்கு ஒரு நிம்மதி வந்தது.

அப்போது பஸ்ஸிலிருந்து வயதான பொறியியலாளர் ஒருவர் இறங்கி, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்வியளோ?" என்று கேட்டார்.

சிவசுப்பிரமணியம் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து மதுரனின் குரல் வந்தது. "நிச்சயமா சேர். அது எங்க சேவையில ஒண்டு."

அன்று மட்டும் ஐந்து வீடுகள் பதிவாயின.

எட்டுச் சடங்குக்கு மகள் வரவில்லை. அந்தப் படையலை இராக்கம்மாதான் சமைத்தாள். அது முடிந்து மூன்றாம் வாரம் புதிய விளம்பரத் தாள் வந்தது. முகப்பில், பாடைக்கு முன்னால் கொள்ளிக்குடத்தோடு சிவசுப்பிரமணியம். கீழே பெரிய எழுத்தில், 'இறுதிப் பயணமும் உங்கள் சொந்த வாசலிலிருந்தே.' அதற்கும் கீழே மிகச் சின்ன எழுத்தில், தனிக் கட்டணம் அறவிடப்படும் என்று. அலுவலகக் களஞ்சியத்தில் புத்தம் புதிய உரல் ஒன்று வந்து நின்றது. இராக்கம்மாவை மாதிரி வீடு கூட்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். லயத்துப் பெண்களுக்கு ஒரே நிறத்தில் சேலை எடுத்து, சட்டைக்கு அளவெடுத்தாயிற்று. பதினாலாவது ஒழுங்கைத் தூக்கிவிட்டார்கள். குப்பைக்குக் கீழ் இருந்தது சேவைகளுக்குக் கீழ் ஏறிவிட்டது.

அன்று மாலை ரொறன்ரோவிலிருந்து நிவேதிகா அலுவலகத் தொலைபேசிக்கு எடுத்தாள்.

"அங்கிள், படம் பாத்தனான். நல்லா வந்திருக்கு. அம்மாவின்ரை வீட்டை இப்ப குடுத்தால் நல்ல விலை வருமாமே. நீங்கள்தான் வித்துத் தரவேணும். அந்த விளம்பரத்திலை வந்த வீடு எண்டு சொன்னால் இன்னும் கூடப் போகுமெண்டு மதுரன் சொன்னவர்."

அவர் காத்திருந்தார். யார் கொள்ளி வைத்தது, யார் கடைசித் தண்ணீர் பருக்கியது, அம்மா ஏதாவது சொன்னாவா என்று ஒன்றாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"பிள்ளை, உமக்கு வேறை ஒண்டும் கேக்க இல்லையோ?"

"வேறை... அங்கை வரி ஏதும் கட்டோணுமோ அங்கிள்?"

ரிசீவரை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை மாதிரி வீட்டுக்குப் போய், சாவிக்கொத்தையும் உறுதிக் கோப்புகளையும் மதுரனின் மேசையில் வைத்தார். இனி வரமாட்டேன் என்றார். ஏன் என்று அவன் கேட்டான். விளம்பரத் தாளை எடுத்து அவன் முன் போட்டார். அவன் அதைக் கவனமாகப் பார்த்தான், முகத்தில் ஏதோ புரிந்த களை வர.

"சரி சேர், விளங்குது. உங்க படத்தைப் போட்டிருக்கோம், நியாயமான பேச்சுத்தான். கமிஷனைக் கூட்டித் தாறேன்."

சிவசுப்பிரமணியத்துக்கு வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. வாழ்நாளில் செய்யாத காரியமாக, வெளியே வந்து மாதிரி வீட்டின் வாசற்படியில் காறித் துப்பினார். நாலடி நடப்பதற்குள் பின்னால் மதுரன் கூப்பிடும் சத்தம் கேட்டது. "இராக்கம்மா, பஸ் வர முந்தி இந்தப் படியைக் கழுவு."

அவர் திரும்பிப் பார்த்தார். இராக்கம்மா வாளியோடு படியில் குனிந்துகொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்து வாளியில் கை வைத்தார்.

"விடுங்க ஐயா, நான் கழுவுறேன்."

"இல்லை, இது என்ரை" என்று சொல்லி வாளியை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியைக் கழுவினார்.