கச்சேரியில் எடுத்ததாகச் சொன்ன பிரதி

கணவர் இறந்த பிறகு, அவருடைய பென்சனில் எனக்குள்ள பங்கைக் கேட்டபோது, திருமணப் பதிவின் பிரதி வேண்டும் என்றார்கள். நான் குடியிருக்கும் வெளிநாட்டு நகரில், ரூ லூயி-பிளாங் தெருவில் மொழிபெயர்ப்புக் கடை வைத்திருந்த ஒருவர், யாழ்ப்பாணக் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரச அலுவலகத்தில், எடுத்துத் தருவதாகச் சொன்னார். மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் இழுபட்ட வேலை எனக்குப் பத்தே நாளில் முடிந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய கடையிலேயே பிரதியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். பெயர்கள், திகதி எல்லாம் சரி. கீழே என் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

பதிவு நடந்த அன்று, பதற்றத்தில் அப்பாவின் முதலெழுத்துக்குப் பதிலாக மாப்பிள்ளையின் முதலெழுத்தைப் போட்டுவிட்டேன். பதிவாளர் அதை வெட்டிவிட்டு மறுபடி எழுதச் சொன்னார். "பொம்பிளையின்ர அவசரத்தைப் பாருங்கோவன்" என்று மாமி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்த வெட்டு இந்தப் பிரதியில் இல்லை.

"தம்பி, இது நான் வைச்ச கையெழுத்தில்லை."

"அன்ரி, இஞ்சை இருக்கிற வெள்ளையளுக்கு உங்கட கையெழுத்து தெரியுமே?"

"எனக்குத் தெரியும்."

இதைக் கொடுத்துப் பிடிபட்டால் பென்சனும் போய், கள்ளி என்ற பெயரும் வரும். பிரதியை மேசையிலேயே விட்டுவிட்டு, நான் கொடுத்திருந்த அடையாள அட்டைக் கொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். ஊரிலிருக்கும் தங்கச்சியையே கச்சேரிக்குப் போகச் சொன்னேன்.

என் அட்டையை அவர் இன்னொரு கொப்பி எடுத்து வைத்திருப்பாரோ என்ற சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை.